எடை அட்டையில் தாய்க்கு ஒரே கட்டம்

அனுப்புநர்:
பள்ளி வேன் ஓட்டுநர் (பள்ளி மூடியதால் தற்போது வேலையில்லை),
மாடிப்படிக்கு அடியிலுள்ள வீடு,
தண்ணீர்த் தொட்டிச் சந்து.

பெறுநர்:
ஊட்டச்சத்துத் திட்ட அலுவலர் அவர்கள்,
திட்ட அலுவலகம்.

பொருள்: நோய்த்தொற்றுக் காலத்தில் என் குழந்தையின் எடையைத் தவறாகக் கணக்கிட்டு, தாய்க்கும் குழந்தைக்கும் உரிய சத்துமாவை நிறுத்தியது, அதை மீண்டும் வழங்கக் கோருவது, என் முந்தைய புகாரில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுவது.

பார்வை: இரண்டு மாதத்துக்கு முன்பு நான் நேரில் கொடுத்த புகார் (ரசீது தரப்படவில்லை, காரணம் தங்கள் எழுத்தருக்கே வெளிச்சம்).

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எதையும் லேசில் நம்புகிறவன் அல்ல. வேனில் பிள்ளைகளை ஏற்றும்போது ஒருமுறை, இறக்கும்போது ஒருமுறை தலை எண்ணிப் பழகியவன். இந்த மனுவையும் அந்தப் பழக்கத்தோடுதான் எழுதுகிறேன்.

2. ஊரடங்கு வந்ததும் எங்கள் பகுதிச் சத்துணவு மையம் மூடப்பட்டது. அங்கே கிடைத்த மதியச் சாப்பாடும் முட்டையும் நின்றன. பதிலாக மாதந்தோறும் குழந்தைக்கு ஒன்று, பால் கொடுக்கும் தாய்க்கு ஒன்று என இரண்டு பை சத்துமாவு வீடு தேடி வந்தது. எனக்கு வருமானம் நின்றதால் வீட்டில் முதலில் பால் நின்றது, பிறகு காய்கறி நின்றது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மட்டும் எப்படியோ வாரம் இரண்டு முட்டை வாங்கினோம்.

3. தொற்றுக்குப் பயந்து மையப் பணியாளர் குழந்தையைத் தொடுவதில்லை. தராசை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நிற்பார். என் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுவாள். காட்டும் எடையில் தாயின் எடையைக் கழித்துவிட்டு மீதியைக் குழந்தையின் எடை என்று அட்டையில் எழுதுவார். இந்த முறையில் நான்கே மாதத்தில் 9.3 கிலோ குழந்தை 6.9 கிலோ ஆகிவிட்டது.

4. அட்டையில் இளைத்துக்கொண்டே போன குழந்தை, வீட்டில் அரிசி டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. எங்கேயோ இடிக்கிறது என்று தோன்றியது. முதலில் மாவைச் சந்தேகித்தேன், சலித்துப் பார்த்தேன். அடுத்து பணியாளரைச் சந்தேகித்து, மாவில் கலப்படம், தராசில் கோளாறு என்று தங்களிடம் புகார் கொடுத்தேன். கடைசியில், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, என் மனைவி மாவைத் தன் அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறாளோ என்றுகூட நினைத்து, அவள் குளிக்கப் போன நேரத்தில் பையை அளந்து பார்த்தேன்.

5. என் புகாரை விசாரிக்க வந்த மேற்பார்வையாளர் அட்டையை மட்டும் புரட்டினார். குழந்தை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாவ வித்துட்டீங்களா, இல்ல பெரியவங்களே கரைச்சுக் குடிச்சிட்டீங்களா?" என்று சந்துக்கே கேட்கும்படி கேட்டார். விசாரணை முடியும்வரை இரண்டு பையும் கிடையாது என்று எழுதிவிட்டுப் போனார். ஆறு வாரம் ஆகிறது.

6. சென்ற திங்களன்று பழைய பேப்பர் கடைத் தராசில் குழந்தையைத் தனியாக நிறுத்துப் பார்த்தேன். 10.1 கிலோ. கடைக்காரர் மீதும் சந்தேகம் வந்து மூன்று முறை நிறுத்தேன்; மூன்று முறையும் அதே எடை. அப்படியானால் அட்டையில் குறைந்தது யார்? மனைவியை ஏறச் சொன்னேன். அவள் வேண்டாம் என்றாள். வற்புறுத்தி ஏற்றினேன். 46.8 கிலோ.

7. அவளுடைய எடையை ஊரடங்குக்கு முன்பு ஒரே ஒரு முறை பார்த்து, 50 என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஐம்பதையே ஒவ்வொரு மாதமும் கழித்திருக்கிறார்கள். அட்டையில் குழந்தைக்கு அறுபது கட்டங்கள் இருக்கின்றன, தாய்க்கு ஒன்றுதான். அவள் இளைத்ததையெல்லாம் குழந்தையின் கட்டத்தில் எழுதியிருக்கிறார்கள்.

8. கேட்டபோது உண்மையைச் சொன்னாள். தன் பங்கு மாவையும் குழந்தைக்கே கரைத்துக் கொடுத்திருக்கிறாள். சோறு குறைவான நாட்களில், "சமைக்கும்போதே சாப்பிட்டுட்டேன், நீங்க சாப்பிடுங்க" என்பாள். எல்லாரையும் எல்லாவற்றையும் சந்தேகித்த நான், அந்த ஒரு வார்த்தையை மட்டும் அப்படியே நம்பிச் சாப்பிட்டுக் கைகழுவியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது ஐயா.

9. ஆகவே, பணியாளர் மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன். மேலிடத்தில் சொன்னதைத்தான் அவர் செய்தார். ஆனால் இப்படிக் கழிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியவர் யார், இன்னும் எத்தனை வீட்டில் தாயின் பட்டினி குழந்தையின் பெயரில் ஏறியிருக்கிறது என்பதைத் தாங்கள் விசாரிக்க வேண்டும். விசாரிப்பீர்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இனி தாயைத் தனியாக எடை பார்த்த பிறகே குழந்தையோடு எடை பார்க்க உத்தரவிட வேண்டும். அட்டையிலுள்ள ஐம்பதை நான் திருத்தவில்லை. திருத்தினால் அதற்கும் ஒரு விசாரணை வரும். தாங்களே ஆளனுப்பித் திருத்துங்கள்.

10. நிறுத்திய இரண்டு பை மாவையும் இந்த வாரமே வழங்க வேண்டுகிறேன். இப்போதெல்லாம் மனைவி சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் உட்கார்ந்து, கடைசிக் கவளம்வரை பார்க்கிறேன். "என்னையும் நம்பமாட்டீங்களா?" என்கிறாள். ஆமாம் ஐயா, நம்பமாட்டேன். ஆனால் நான் உட்கார்ந்து பார்ப்பதற்கு அவள் தட்டில் ஏதாவது இருக்க வேண்டும்.

இணைப்பு: எடை அட்டையின் நகல், பழைய பேப்பர் கடைக்காரர் எழுதிக் கொடுத்த எடைச் சீட்டு (அசல் என்னிடமே இருக்கும்).

இம்முறை முத்திரையிட்ட ரசீதை வாங்காமல் நகரமாட்டேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்ளும்,

(கையொப்பம்)
பள்ளி வேன் ஓட்டுநர்

இடம்: தங்கள் அலுவலக வாசல்
தேதி: ஊரடங்கின் ஆறாம் மாதம், 14