பாலத்து நடுவுல கறுத்த பிளக்

அம்மாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி தேவலையா? நான் நல்லா இருக்கேன். விரல்ல மட்டும் சின்னச் சூட்டுக் காயம், பயப்படாதீங்க.

என் அறையில இருக்கற வெல்டர் அண்ணனுக்கு நேத்து திடீர்னு மூச்சுத் திணறல். வேற வண்டி கிடைக்காம, எங்க பட்டறையோட பழைய பைக்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பாலத்து நடுவுல நின்னுடுச்சு. சூட்டோட இன்ஜின்ல இருந்து ஸ்பார்க் பிளக்கைக் கழட்டினா ஒரே கரி. துடைச்சு மாட்டினேன், கொஞ்ச தூரத்துல மறுபடியும் நின்னுச்சு.

அண்ணன் பாலச் சுவர்ல சாஞ்சு, "விடுடா தம்பி, முடியல"ன்னார்.

துடைச்ச பிளக் ஏன் உடனே கறுக்குது? பார்த்தா, காத்து வழியை அடைக்கற சோக் மூடினபடியே சிக்கியிருக்கு. காத்துப் பத்தாம பெட்ரோல் கரியாகுது. நெம்பித் திறந்து, பிளக்கைத் துடைச்சு மாட்டி, கிக்கரை உதைச்சேன். பிடிச்சுக்கிச்சு!

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால அண்ணன் பிழைச்சுட்டார். இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கார், அறையில நான் மட்டும். இனிமே போன்ல பேசி முடிச்சதும் உடனே வைக்காதீங்கம்மா. நீங்க பாத்திரம் கழுவற சத்தத்தையாவது கேட்டுட்டு இருக்கேன்.

மேஸ்திரி கூப்பிடறார், வரேன்.

உங்க மகன்