மின்னாவின் எட்டு எபிசோடு

ஜனவரி 6, 2025
தேனாம்பேட்டையில் சினிமாத் தயாரிப்பாளர் கதிரேசனின் அலுவலகம். என் 'ஆழிமலை' மாயக்கதையின் ஒன்பது பாகங்களையும் ஒரே படமாக எடுக்கிறாராம். முதல் பாகத்தையாவது படித்தாரா, சந்தேகம்தான். "ரெண்டரை மணி நேரத்துல இவ்ளோ பேரு தாங்காது மேடம். அந்தச் சின்னப் பொண்ணு மின்னாவைத் தூக்கிடலாம். கதைக்கு ஒண்ணும் ஆவாது."

தூக்கிடலாமாம். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 9
மின்னா யாரென்று அவருக்கு எப்படித் தெரியும்? என் மகள் மஹ்விஷ் டெங்குவில் இறந்த வருஷம்தான் முதல் பாகத்தை ஆரம்பித்தேன். அவளைப் போலவே மின்னாவும் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பாள், ஓயாமல் கேள்வி கேட்பாள். ஒன்பது பாகத்திலும் அவளுக்கு ஒரு காய்ச்சல்கூட வர விடவில்லை நான்.

ஜனவரி 17
தி.நகரில் சாய்நாத்தைப் பார்த்தேன். இவர் தொடராக எடுக்கக் கேட்கும் இயக்குநர். மின்னா எட்டு எபிசோடிலும் வருவாள் என்றார். எழுந்து கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பிறகு தயங்கித் தயங்கி, "எட்டாவதுல அவ செத்துடணும் மேடம். அப்பதான் அடுத்த சீசன் பார்ப்பாங்க."

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 18
வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஷரஃபுதீன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"சினிமாக்கே குடுத்துடு கைசர். அதுல புள்ள இல்லாமயே போவட்டும். திரும்ப ஒரு சாவு, ஒரு மய்யத்து பாக்கச் சொல்றியா என்னை?"

அவர் சொல்வது நியாயம்தான். ஆனா எனக்கு அவ நடக்கிறதப் பாக்கணும். கொஞ்ச நேரமாவது — அது தப்பா?

ஜனவரி 30
தொடருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் என்னோடு பேசுவதில்லை.

ஜூன் 12
ஊரூர் குப்பத்துக் கடற்கரையில் படப்பிடிப்பு. மின்னாவாக நடிக்கும் ஸ்ரீரஞ்சனிக்குச் செருப்பைத் தேய்த்து நடக்கச் சொல்லிக் கொடுத்தேன். அப்படியே நடந்து காட்டினாள். நான் அழுததில் பாவம், குழந்தை பயந்துபோனாள்.

ஜூலை 3
எட்டாவது எபிசோடின் கடைசிக் காட்சி. வரவே மாட்டேன் என்ற வீட்டுக்காரர் எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார்.

மின்னா மணலில் படுத்துக் கண்ணை மூடினாள். என்னால் பார்க்க முடியவில்லை. இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாய்நாத் "கட்" என்றதும் அந்தப் பெண் எழுந்து, பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுத் தண்ணீர் கேட்டாள். இவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் எழுந்தாள்.

போதும் என்று கேமராவைக் கழற்ற ஆரம்பித்தார்கள். இவர் மணலில் தடுமாறி நடந்து சாய்நாத் முன்னால் போய் நின்றார்.

"தம்பி, இன்னொரு வாட்டி எடுங்களேன்."