தலைவர் இன்னும் படிக்கிறார்

3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. செம்பனைக் காட்டில் வேலை இல்லை.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் கையெழுத்துப் போட்டுப் பழகினேன். ஐம்பத்து மூன்று வயதில். பழைய காலண்டர் தாளில். ராஜம்மாவில் வரும் 'ஜ' ஒவ்வொரு தடவையும் வேறு ஆளாக வருகிறது. வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். "வயித்தால போவுதா புள்ள?" ஆமாம் என்றேன். தலைவர் ஆன பிறகு சொன்ன முதல் பொய்.

நேற்றுத்தான் ஆக்கினார்கள். தோட்டக் குடியிருப்பாளர் சங்கம். இரண்டு ஆண்கள் அந்தப் பதவிக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள், அதனால் நடுவில் நான். செயலாளர் மணியம் முன்பு தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதிய கிராணி. வேலையை விட்டும் எல்லாருக்கும் கிராணிதான். அவர் சொன்னது:

"சும்மா உக்காந்தா போதும்க்கா. இந்தியா ஜனாதிபதி மாதிரி. மால போடுவாங்க. காட்டுற எடத்துல கையெழுத்து போடுங்க. முடிவெல்லாம் நாங்க பாத்துக்குறோம் லா."

சங்கத்து ரப்பர் சாப்பு, முத்திரைக் கட்டை, அதையும் என் கையில் கொடுத்தார். மை காய்ந்து கிடக்கிறது.

அடுப்புக்கு கேஸ் சொல்ல வேண்டும். நெத்திலி வாங்க வேண்டும்.

4, செவ்வாய்

நல்ல வெயில். உதிரிப்பழம் பொறுக்கி பதினொரு மூட்டை. இடுப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் லோரி ஓட்டி ஓய்ந்தவர். நாள் முழுக்கப் போனில் இந்தியச் செய்தி. டெல்லியில் யாருக்குச் சளி பிடித்தாலும் தெரியும், வீட்டில் கேஸ் தீர்ந்தது தெரியாது. அவரிடம் கேட்டேன், ஜனாதிபதிக்கு என்னென்ன பவர் என்று. மனிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி இதுவாம்.

அவர் சொன்னதில் நினைவில் நின்றவை:

- ராணுவத்துக்கே தலைவர். (எனக்குப் படை, கடைசி லயத்து வரிசை வீடுகளில் மேயும் வாத்துகள்.)
- தூக்குத் தண்டனைக்காரரை மன்னிக்கலாம். (இன்னும் யாரும் என்னிடம் வரவில்லை.)
- பிரதமர் சொல்வதைக் கேட்க வேண்டும்.
- சட்டம் வந்தால் கையெழுத்து. பிடிக்கவில்லை என்றால் ஒரு தடவை திருப்பி அனுப்பலாம். அதே சட்டம் மறுபடி வந்தால் போட்டே ஆக வேண்டும்.

"மறுபடி வந்தா போட்டே ஆவணும்னா, அப்புறம் எதுக்குங்க அந்த ஜனாதிபதி அம்மா?"

"அது ஒரு மரியாத புள்ள."

மரியாதை. சரி.

6, வியாழன்

மேகம். மழை இல்லை, வரும்.

கிராணி கடிதத்தோடு வந்தார். மலாயில், ஒரே பக்கம். "இங்க கையெழுத்து, இங்க சாப்பு, அவ்ளோதான்" என்றார். என்ன விஷயம் என்றேன். கம்பெனி விஷயமாம். விரலை வைத்து மெல்லப் படித்தேன். பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதும்.

கடைசி லயத்து ஆறு வீடும் மாத முடிவில் காலி. அங்கே வெளிநாட்டு ஆட்களைத் தங்க வைப்பார்கள். ஓய்வு பெற்றவர்கள் பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள். இதற்குக் குடியிருப்பாளர் எல்லாருக்கும் சம்மதம்.

எல்லாரும் என்றால் யார்? ஐந்து வீட்டுக்காரர்களுக்கு டவுன் பக்கம், லோபாக்கிலும் தெமியாங்கிலும் பிள்ளைகள் உண்டு. ஆறாவது வீடு பாப்பாத்தி அக்கா. இந்தத் தோட்டம் ரப்பராக இருந்த காலத்தில் நாற்பது வருஷம் பால் வெட்டியவர். புருஷன் போய்விட்டார், பிள்ளை இல்லை. வாத்து ஒன்பது.

"அவங்க சம்மதம்னு சொன்னாங்களா கிராணி?"

"அக்கா, நீங்க எதையும் யோசிக்க வேணாம். போடுங்க."

"ஒரு தடவ திருப்பி அனுப்பலாம், தெரியுமா? இந்தியாவுல கேட்டுப் பாருங்க."

கடித ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்: பாப்பாத்தி அக்கா எங்கே போவார்? எழுத்து சரியாகத்தான் இருக்கும். கிராணி உப்புப் போட்ட காப்பியைக் குடித்தவர் மாதிரி எழுந்து போனார்.

சாயந்திரம் அக்காவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "என்னைக் கெளப்பணும்னா ரெண்டு லோரி வேணும்டி. ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் வாய்க்கு." விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடிந்ததும் கேட்டார். "ராஜி, நெசமாவே அனுப்பிடுவாங்களா?"

வாத்துக்கு அரிசி போட்டுவிட்டு வந்தேன்.

8, சனி

மழை, காற்று. ஒரு பக்கக் கூரைத் தகரம் தூக்குகிறது.

கடிதம் திரும்பி வந்தது. புதிதாக அடித்திருக்கிறார்கள். அதே வரிகள். என் கேள்வியை மட்டும் காணவில்லை.

"ரெண்டாந்தடவ வந்துடுச்சா? போட்டே ஆவணும் புள்ள" என்றார் வீட்டுக்காரர். நிஜமாகவே வருத்தம் அவர் முகத்தில்.

"எத்தன நாளுக்குள்ள போடணும்?"

போனைத் தேய்த்தார். கண்ணாடியை மாட்டி மறுபடி தேய்த்தார். "நம்ம நாட்டுல முப்பது நாளு. மாமன்னர் போடலன்னாலும் அதுக்கப்புறம் சட்டம்தான். இந்தியாவுல... நாளு ஒண்ணும் எழுதலயாம்."

"கிராணி என்னை எந்த நாட்டு மாதிரின்னு சொன்னாரு?"

"இந்தியா."

"அப்போ இந்தியாதான்."

அவருக்குப் பால் அதிகம் ஊற்றித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். இன்னொரு கப் கேட்டார். அவ்வளவு பெரிய பதில் இல்லை என்றேன்.

9, ஞாயிறு

வெயில். மளிகைக் கடையில் என் முதுகுக்குப் பின்னால்:

"எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளைய தூக்கி வெச்சா இப்டித்தான்."

"அவங்களையே தூக்கிடலாம் லா."

திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். ஒருவர் உடனே வெங்காயம் பொறுக்க ஆரம்பித்தார்.

தூக்க முடியாது. வீட்டுக்காரர் சங்கத்துச் சட்டப் புத்தகத்தைப் படித்துப் பார்த்துவிட்டார். தலைவரை நீக்கக் கூட்டம் போட வேண்டும். கூட்டம் போட நோட்டீஸ் வேண்டும். நோட்டீஸில் தலைவர் கையெழுத்து வேண்டும். எழுதியது கிராணி. நல்ல கிராணி.

பயமே இல்லை என்று எழுதினால் இரண்டாவது பொய் ஆகிவிடும். நாங்கள் இருப்பது மூன்றாவது லயம். இவருக்கும் வேலை இல்லை, என் இடுப்பும் இன்னும் எத்தனை வருஷமோ. இன்று ஆறு வீடு. கையெழுத்து ருசி கண்டவர்கள் அதோடு நிற்பார்களா?

போட மாட்டேன்.

12, புதன்

காலையில் தூறல், பிறகு வெயில்.

மானேஜரே வீட்டுக்கு வந்தார். டவுன் பக்கம் ராசாவில் வளர்ந்த பையன், இருபது வார்த்தைக்கு ஒரு தடவை தமிழ் வரும். இன்று முழுக்கத் தமிழ். நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

"கையெழுத்து இல்லாம ஒரு வீட்டையும் தொடக் கூடாதுன்னு கம்பெனி லாயர் சொல்லிட்டாரு. மேல கேக்குறாங்க. எப்போ போடுவீங்க?"

"படிச்சிக்கிட்டே இருக்கேன் சார்."

"ஒரு பக்கம்தானே?"

"நாலாவதோட நின்னவ சார் நான். ஒரு நாளைக்கு ஒரு சொல்லு. இப்போ பெர்செத்துஜுவான்கிற எடத்துல நிக்கிறேன். சம்மதம்னு அர்த்தமாம். அது என்னமோ தாண்ட மாட்டேங்குது."

"நான் வேணும்னா படிச்சிச் சொல்றேன்."

"எனக்கு வேணாம் சார். கடைசி லயத்துல போய் படிச்சிக் காட்டுங்க. ஆறாவது வீட்டுலேருந்து ஆரம்பிங்க. அவங்க சரின்னா நான் இப்பவே சாப்பு அடிக்கிறேன்."

அவர் கடைசி லயத்தைப் பார்த்தார். பாப்பாத்தி அக்கா வாசலில் நின்று இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார், கையில் விளக்குமாறு. மானேஜர் காருக்குப் போனார்.

மரியாதைக்காக நானும் வெளியே போனேன். கையை நன்றாக உயர்த்தி ஆட்டினேன். கார் திரும்ப வழி விட்டு ஓர் அடி பின்னால் வைத்தேன். பின்னால் லோங்காங். முழங்கால் வரை சாக்கடைத் தண்ணீர். மானேஜர் இறங்கி வந்து கை கொடுத்து ஏற்றினார். நன்றி சார் என்றேன். இடது செருப்பு கிடைக்கவில்லை. கடிதமும் இன்னும் படித்து முடியவில்லை.