தொட்டி நிறையத் தண்ணீர்

அன்புள்ள தம்பிக்கு,

அத்தான் எழுதுகிறேன். நீ என் போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். கோபம் வந்தாலும் கிழித்துவிடாமல் கடைசிவரை படித்துவிடு.

உன் அக்கா நடமாடுகிறாள், சமைக்கிறாள், என் யூனிஃபார்மைத் தேய்த்து வைக்கிறாள். முன்பெல்லாம் நான் வேலை முடிந்து வந்ததும், "உங்க மகாராணி இன்னைக்கு எப்படி இருக்கா?" என்று கேட்டுச் சிரிப்பாள். எங்கள் தீயணைப்பு வண்டிக்கு நாங்கள் வைத்த பெயர் அது. மனசு வந்தால்தான் வேலை செய்யும். இப்போது அவள் எதுவும் கேட்பதில்லை. உங்கள் அம்மாவின் துக்கத்துக்கு வந்த நீ அவளிடம்கூட ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிட்டாய். அது அவளை அரித்துக்கொண்டிருக்கிறது.

என்மேல் நீ கொடுத்த புகார் நிலையத்துக்கு வந்துவிட்டது. வண்டியைத் தாமதமாக ஓட்டிவந்தேன் என்று எழுதியிருக்கிறாய். யார் உனக்கு அப்படிச் சொன்னார்களோ தெரியவில்லை. நாங்கள் நேரத்துக்கே வந்துவிட்டோம் தம்பி.

அத்தை வீட்டு மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டியில் பற்றிய தீ அப்போது படியை மட்டும்தான் பிடித்திருந்தது. அத்தை மாடியில், கம்பி போட்ட ஜன்னலருகே நின்றிருந்தார்கள். மொட்டைமாடிக்கு ஏறிப் பக்கத்து வீட்டுக்குத் தாண்டிவிடச் சொல்லி எதிர்வீட்டுத் தையல்காரம்மா கத்திக்கொண்டிருந்தார். அத்தை எங்கள் வண்டியைப் பார்த்தார்கள். ஸ்டியரிங்கில் என்னைப் பார்த்தார்கள்.

"அதான் எங்க மாப்பிள்ளையே வந்துட்டாரே. இனிமே என்ன?"

தையல்காரம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்கள். நாங்கள் தாமதமாக வந்திருந்தால் தாண்டிப் போயிருப்பார்கள்.

நான் லீவரை இழுத்தேன். எஞ்சின் உறுமியது, பம்பு சுற்றவில்லை. தொட்டி நிறையத் தண்ணீர். ஹோஸ் ஈரத்துணி மாதிரித் தெருவில் துவண்டு கிடந்தது. திரும்பத் திரும்ப இழுத்தேன். கூட்டத்தில் ஒருவன் கல்லை எடுத்தான். கடைசியில் பக்கத்து வீட்டு மாடி வழியாகப் போய், கதவை உடைத்து, புகைக்குள் தடவித் தேடினோம். அத்தை ஜன்னலடியில் கிடந்தார்கள். தூக்கி வந்தவன் நான்தான். தூக்கும்போதே தெரிந்துவிட்டது.

அந்தப் பம்பு ஏமாற்றுவதை எங்கள் நிலைய அதிகாரி பலமுறை மேலே எழுதினார். ஒருமுறை மெக்கானிக் வந்தார். சுத்தியலால் தட்டினார், ஓடியது, நல்லாத்தானே இருக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுபடி கேட்டால், புது வண்டி வரப்போகிறது, பழசுக்கு எதற்கு வீண் வேலை என்றார்கள். புது வண்டியும் வந்தது. அணிவகுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தலைமை அலுவலகத்தில் உறை போர்த்தி நிற்கிறது. அத்தை போன பிறகு எங்கள் நிலையத்துக்கு அனுப்பப்பட்டவர் பெயிண்டர். மகாராணி இப்போது செக்கச்செவேலென்று மின்னுகிறாள். பம்பு அதே பம்புதான். நேற்றும் அதில் ஏறித்தான் போனோம்.

புகாரைத் திரும்ப வாங்கிக்கொள் என்று கேட்க இதை எழுதவில்லை. என் பெயர் அதில் இருக்கட்டும். உனக்குத் தெரிந்த முகம் என்னுடையது மட்டும்தானே. ஆனால் அந்த வண்டியையும் சேர்த்து எழுது. பம்பைப் பற்றி எழுது. நாங்கள் எழுதினால் அது ஃபைலுக்குள் படுத்துத் தூங்குகிறது. தாயைப் பறிகொடுத்த பிள்ளை கேட்டால், யாராவது ஒருவர் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும்.

அத்தை கடைசியாகச் சொன்னது உன் அக்காவுக்குத் தெரியாது. தையல்காரம்மாவும் இதுவரை மூச்சு விடவில்லை. தனியாகச் சுமக்க முடியாமல் உன்னிடம் இறக்கிவைத்துவிட்டேன், பொறுத்துக்கொள். அவளுக்கு ஒரு போன் பண்ணு. என்னைத் திட்டுவதற்காகவாவது பண்ணு.

நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். எங்கேயாவது புகை வந்தால், யார் வந்து நின்றாலும் சரி, அவர்களை நம்பிக் காத்திருக்காமல் வெளியே ஓடிவிடுங்கள். குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடு.

உன் அத்தான்