மூன்று ஆழாக்கு எண்ணெய்

இன்று காலை தென்காசிக் கடைத்தெருவில் புதிதாக ஆட்டிய நல்லெண்ணெயின் மணம் வந்தது. நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டேன். அடுத்த வீட்டில் நீ குடியிருந்த இரண்டு வருஷமும் நினைவுக்கு வந்துவிட்டது.

யுத்தம் தொடங்கி விலை ஏறிக்கொண்டிருந்த காலம். நாமெல்லாம் உழக்கு உழக்காகத்தான் எண்ணெய் வாங்கினோம். உழக்கு மூன்றரை அணா. ஒருநாள் நீ விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாய். ஒரு படிக்கு நாலு உழக்கு. அப்படி வாங்கினால் பதினாலணா ஆகிறது. முழுப்படியாக வாங்கினால் பன்னிரண்டணாதான். "இல்லாதவகிட்டதான் கடைக்காரன் கூட வாங்குதான் அக்கா" என்றாய். அன்றிலிருந்து என் ஆறணா, உன் மூன்றணா, தெருக்கோடி வீட்டுக்காரியின் மூன்றணா சேர்த்து ஒரு படி வாங்குவோம். படியில் எட்டு ஆழாக்கு. போட்ட காசுக்குத் தக்கபடி எனக்கு நாலு, உங்களுக்கு இரண்டிரண்டு என்று நீயே அளந்து ஊற்றுவாய்.

ஒரு வெள்ளிக்கிழமை என் தூக்கில் மூன்று ஆழாக்குதான் இருந்தது. உன் பாத்திரத்தில் மூன்றரை.

விலை படிக்கு ஒரு ரூபாய், பதினாறணா ஆகிவிட்டது, குறைந்த நாலணாவை நீயே போட்டதாகச் சொன்னாய். நான் காதில் வாங்கவில்லை. கோடி வீட்டுக்காரி கேட்கும்படியாகவே சொன்னேன்: "ஆறணா போட்ட எனக்கு மூணு, மூணணா போட்ட உனக்கு மூணரையா? நல்லாத்தான் பங்கு வைக்கே."

நீ உள்ளே போய்விட்டாய்.

மறுநாள் கடையில் விசாரித்தேன். படி ஒரு ரூபாய்தான். ஆழாக்கு இரண்டணா, ஆறணாவுக்கு மூன்று. ஏழணா போட்ட உனக்கு மூன்றரை. ஒரு சொட்டுகூடப் பிசகவில்லை.

உன் வாசலுக்குப் பத்தடி தூரம். வர வெட்கமாக இருந்தது. குற்றாலத்துச் சாரல் ஓயட்டும், போய்ச் சொல்லலாம் என்று நாளைத் தள்ளினேன். அதற்குள் காய்ச்சலோடு உன்னை வண்டியிலேற்றி இலத்தூரில் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். வண்டி நகரும்போது என் வீட்டைப் பார்த்தாய். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நீ திரும்பி வரவேயில்லை.

துக்கம் கேட்கப் போன இடத்தில் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் என்னையே பார்த்தார். "அவ எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியே தாயி."

இப்போதும் தெருவில் சேர்ந்துதான் எண்ணெய் வாங்குகிறோம். பங்கு வைப்பது நான். யாராவது அளவைச் சந்தேகப்பட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. உட்காரவைத்துக் காசுக் கணக்கைச் சொல்லி மறுபடி அளந்து காட்டுகிறேன். உன்னிடமும் கணக்கைச் சொல்லி அளந்து காட்டு என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.