அறுப்புக்கு வந்த நாத்தனார்

செப்டம்பர் 13

மேல் படிவயல்கள் பழுத்துவிட்டன. கீழே இன்னும் பச்சை ஓடுகிறது. இரண்டொரு நாளில் அரிவாள் வைக்கலாம் என்றார் துவா. காலை முழுவதும், வீட்டுக்கு அப்பால் தனியாகக் கட்டி வாடகைக்கு விடுகிற விருந்தாளி அறையைக் கூட்டி, விரிப்புகளைத் துவைத்துப் போட்டேன். ஹனோயிலிருந்து வருகிறவர்கள் தலையணையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் படுப்பார்கள்.

மதியம் சியா வந்து இறங்கினாள். துவாவின் தங்கை, என் நாத்தனார். காவ் ஃபா கணவாயைத் தாண்டி, வாடகை மோட்டார் சைக்கிளில், அந்த வயிற்றோடு! வண்டிக்காரன் பையை இறக்கி வைத்தான். "இனிமே இந்த மாதிரி ஆளை ஏத்த மாட்டேன்மா. வர்ற வழியெல்லாம் எனக்குத்தான் வலி எடுத்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"கதிர் அறுக்க வந்தேன் அண்ணி."

"குனிய முடியுமாடி உன்னால?"

சிரித்தாள். அறுப்புக்கு வருகிறவள் ஓர் அரிவாளும் மாற்றுப் பாவாடையும் கொண்டு வருவாள். இவள் பையில் குளிர்காலப் போர்வை இருக்கிறது.

செப்டம்பர் 14

சாப்பிடும்போது மாமனார் கேட்டார், "எத்தனை மாசம்?"

"ஏழுப்பா."

"சரி. அறுப்பு முடிஞ்சதும் உன் வீட்டுக்குப் போயிடணும்."

அத்தை மகளின் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் கீரை போட்டார்.

உன் வீடு என்று மாமா சொன்னது அவள் புருஷன் லூவின் வீட்டை. கட்டிக் கொடுத்த பெண் பிறந்த வீட்டில் பிள்ளை பெறக்கூடாது. எங்கள் மோங் இனத்து வீடுகளில் இதைப் பற்றிப் பேச்சே எழாது. எனக்கும் அதுதான் விதி. என் இரண்டையும் இந்த வீட்டில்தான் பெற்றேன்.

செப்டம்பர் 16

ஏழு மாத வயிறா அது? நான் குருடியில்லை.

செப்டம்பர் 18

மேல் வயல் அறுப்பு. ஊர்க்காரர்கள் கைமாற்றாக வந்தார்கள். நேற்று அவர்கள் வயலில் நாங்கள், இன்று எங்கள் வயலில் அவர்கள். பெரிய மரப்பெட்டியை வயலுக்குள்ளேயே இறக்கிக் கதிர்க்கட்டை அடித்தோம். சியாவைக் கட்டு கட்ட மட்டும் உட்கார வைத்தேன். பக்கத்து வீட்டு சூ சும்மா இருப்பாளா?

"என்ன சியா, மாமியார் துரத்திட்டாளா, நீயே குதிச்சு வந்துட்டியா?"

"உங்க வீட்டுச் சோளச் சாராயம் நினைப்பு வந்துடுச்சு அக்கா. அதான் ஓடி வந்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் பெட்டி நிழலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்போது சிரிப்பு இல்லை.

"அண்ணி, இந்த மாசத்துக்குள்ள பொறந்துடும்."

"ஏழுன்னு சொன்னே?"

"ஒம்பதுன்னு சொல்லியிருந்தா அப்பா உள்ள விட்டிருப்பாரா?"

அவள் வரப்பைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனாள். "போன தடவை விடிய விடிய வலி. நர்ஸைக் கூப்பிடுங்கன்னு கெஞ்சினேன். நாங்கல்லாம் நர்ஸை வெச்சா பெத்தோம்னு லூவோட அம்மா கதவைச் சாத்திட்டாங்க. லூ வெளிய நின்னு புகை விட்டுட்டிருந்தான். குழந்தை நீலமா வந்துச்சு அண்ணி. அதே கட்டில், அதே சுவர். அங்க திரும்பப் படுக்க மாட்டேன். எனக்கு அம்மா பக்கத்துல இருக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பொய் சொல்லிவிட்டு வந்து, சரியாக அறுப்பு நேரத்தில் என் தலையில் இறக்கி வைக்கிறாளே! என்னத்தைச் செய்ய நான்? அதட்டத்தான் வாயைத் திறந்தேன். "சாப்பிடு" என்று வந்தது.

செப்டம்பர் 19

துவாவிடம் சொன்னேன். வெகுநேரம் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்துவிட்டு, "அப்பாகிட்ட நீயே சொல்லிடேன்" என்கிறார்.

"யோவ், அவ உன் தங்கச்சியா என் தங்கச்சியா?"

கடைசியில் நான்தான் சொன்னேன். மாமா கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அவ கையைப் பிடிச்சுக் கொடுத்தவன் நான். கல்யாணத்தன்னைக்கே லூ வீட்டு வாசல்ல அவ தலையைச் சுத்திச் சேவலைக் காட்டி, அவங்க சாமிங்ககிட்ட சேர்த்துட்டாங்க. நம்ம வீட்டுச் சாமிங்களுக்கு இப்ப அவளைத் தெரியாது. தெரியாத ரத்தம் இங்க விழுந்தா யார் மேல போகும்? உன் பிள்ளைங்க மேல போகும், பாங்."

என் பிள்ளைகள் இரண்டும் பள்ளி விடுதியில் இருக்கிறார்கள். எனக்கும் பயம்தான், பொய் சொல்லக்கூடாது.

முடிவு: செவ்வாய்க்கிழமை துவா அவளைக் கீழே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகிறார். பிள்ளை பிறக்கும்வரை அத்தை அங்கேயே துணைக்கு இருப்பார். பிறந்ததும் நேரே லூ வீடு. பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் அடுத்தவர் வாசற்படி மிதிக்கக்கூடாது. பெற்ற தகப்பன் வீடானாலும் அடுத்தவர் வீடுதான்.

சியா தலையாட்டினாள். சம்மதமா இல்லையா, அந்தத் தலையாட்டலில் தெரியவில்லை.

செப்டம்பர் 21

விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். கியென் என்று ஒருவர், ஓய்வு பெற்றவர், கழுத்தில் பெரிய கேமரா. மனைவி குயென். நல்ல மாதிரிதான். வந்ததும் வயலுக்கு இறங்கி சியாவைப் படம் பிடித்தார்கள். "கதிரைக் கொஞ்சம் மேல தூக்குங்கம்மா, சிரிங்க, ஆங்... என்ன ஒரு அழகு!" அவளும் தூக்கினாள், சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைச் சொல்வது? அவர்களுக்கு என்ன தெரியும்?

கீழ் வயல்களை அடுத்த ஞாயிற்றுக்கிழமைவரை அறுக்காமல் விடமுடியுமா என்று கேட்டார் கியென், மூடுபனியில் கதிரின் மஞ்சள் படத்தில் நன்றாக விழுமாம். புயல் வருகிறது என்று கைபேசியில் சொல்கிறார்கள், இவர் மஞ்சளைப் பற்றிப் பேசுகிறார். துவா மரியாதையாகச் சிரித்துவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினார். பாதிகூட முடியவில்லை, தூறல் போட்டுவிட்டது.

செப்டம்பர் 22

மழை. நிற்கவே இல்லை. நாளைக்கு எப்படி இறங்குவது?

செப்டம்பர் 23

சாலை போய்விட்டது. ஓடைக்கு மேலே மலையே சரிந்து கிடக்கிறதாம். துவா வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், சேற்றில் குளித்துத் திரும்பி வந்தார். கைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. கீழ் வயல் கதிரெல்லாம் படுத்துவிட்டது. கியென் சன்னலோரம் உட்கார்ந்து கேமராவைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

சியா மட்டும் ஒன்றும் நடக்காதது மாதிரி பூண்டு உரித்தாள். கடவுளே, இவளுக்கு இதுதான் வேண்டியிருந்ததா?

செப்டம்பர் 24

தூங்குவதற்குள் எழுதிவிட வேண்டும்.

காலையில் நனைந்த கட்டுகளை வீட்டுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தோம். சியா நடுத்தூணைப் பிடித்தபடி நின்றாள். காலடியில் தண்ணீர். மழைத் தண்ணீர் இல்லை அது.

மாமா பார்த்துவிட்டார். எழுந்து வந்து மகளுக்கும், சுவரில் முன்னோருக்கு வைத்திருக்கும் சாமித் தட்டிக்கும் நடுவில் நின்றார். "இங்க வேணாம்மா" என்றார். கெஞ்சுகிற குரல். "இங்க வேணாம். துவா, வயல் குடிசையில வைக்கோலைப் போடு."

வயல் குடிசை! கூரையில் பாதி காற்றோடு போய்விட்டது. துவா என்ன செய்தார்? கூரைக்கு முட்டுக்கொடுக்க மூங்கிலைத் தோளில் தூக்கினார். அப்பா சொன்னால் இவருக்குக் கால் தானாக நடக்கும்.

"வெக்கமாயில்லையாய்யா உனக்கு? மாட்டைக்கூட இந்த மழையில வெளிய கட்டலையே நீ!"

நான் கத்தியதைவிட எல்லாரையும் நிற்க வைத்தது அத்தை பேசியது. இந்த வீட்டுக்கு நான் வந்த நாளாக மாமாவை எதிர்த்து அவர் ஒரு சொல் சொல்லிக் கேட்டதில்லை. "ஹனோய்க்காரங்க மெத்தையில படுத்திருக்காங்க. என் வயித்துல பொறந்தவ சேத்துலயா படுக்கணும்?"

அப்போதுதான் எனக்கு அது பட்டது. இத்தனை நாள் எங்கே போயிருந்தது என் புத்தி?

"மாமா, அந்த விருந்தாளி அறைக்கு நீங்க சாமி வெச்சீங்களா?"

"எது?"

"கட்டும்போது கேட்டோமே. இது வீடு இல்ல, சத்திரம், இதுக்கு எதுக்குச் சேவல் அறுத்துச் சாமி வைக்கறதுன்னு சொன்னது நீங்கதானே? அங்க நம்ம சாமி யாரும் இல்லையே?"

என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக, "சத்திரம்தான்" என்றார். உடனே, "வந்தவங்க எங்க போவாங்க?" என்று கேட்டார். அந்த நேரத்திலும் விருந்தாளிக் கவலை!

"நம்ம அடுப்போரம் படுப்பாங்க."

ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். எப்படிச் சொன்னேனோ தெரியாது. குயென் அம்மாள் ஒரு கேள்வி கேட்கவில்லை. "எழுந்திருங்க, பையை எடுங்க" என்று புருஷனை விரட்டிவிட்டு, நான் துவைத்துப் போட்ட விரிப்புகளைத் தானே உதறி விரித்தார். பிறகு எங்கள் அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தது அவர்தான். கியென் கேமராவை உறையில் போட்டுவிட்டு, வீட்டுக்கும் அறைக்கும் நடுவே குடை பிடித்து நின்றார், நாங்கள் போக வர.

சியா அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். நான் பின்னால் தாங்கினேன். "இது போயிடுமா அண்ணி? சொல்லு, போயிடுமா?" என்று அதையே கேட்டாள். "போகாதுடி, முக்குடி" என்றேன். எனக்கு என்ன தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

பிற்பகலில் வந்தது. வந்ததும் அழவில்லை. அத்தை வாயை வைத்துச் சளியை உறிஞ்சித் துப்பினார், காலைப் பிடித்துத் தட்டினார். இல்லை. சியா என் முகத்தைப் பார்த்தாள், நான் அவளைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை — திரும்பத் தட்டினார். ஒரு தும்மல். அப்புறம் பாருங்கள், என்ன கத்து! என்ன தொண்டை!

பெண் குழந்தை.

வெளியே வந்தேன். மாமா கூரை ஓரத்தில் முழுக்க நனைந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகவோ. "கேட்டுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய், விருந்தாளிகளுக்குச் சாராயம் ஊற்றினார்.

செப்டம்பர் 25

மழை விட்டது, கைபேசியில் கோடு வந்ததும் துவா லூவுக்குச் சொல்லிவிட்டார். தாய்க்குக் கோழிச் சாறு, பிள்ளைக்குத் தாய். அறை வாசலில் துவா பச்சைக் கொத்துக் கட்டினார், வெளியாள் வரக்கூடாது என்று. குயென் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம அறையில நமக்கே தடையா?" என்று சிரித்தார்.

செப்டம்பர் 27

மண்சரிவின் மேலேயே ஏறி, விருந்தாளிகள் நடந்து இறங்கிவிட்டார்கள். அவர்கள் போன வழியிலேயே லூ வந்தான். முழங்கால்வரை சேறு, கையில் ஒரு கோழி. நன்றாகத் திட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன். முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. இளைத்துப் போயிருக்கிறான்.

ஆனால் வாயைத் திறந்ததும் அம்மா பிள்ளைதான். "சட்டையை எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

நஞ்சுக்கொடியைச் சொல்கிறான். எங்கள் பேச்சில் அது மனுஷனின் முதல் சட்டை. பெண் குழந்தையுடையதை அது பிறந்த வீட்டில், பெற்றவர்கள் கட்டிலுக்கு அடியில் புதைக்க வேண்டும். செத்த பிறகு ஆவி தேடி வந்து, அதை உடுத்திக்கொண்டுதான் முன்னோரிடம் போகும். அத்தை அதை இலையில் சுற்றிச் சாம்பல் சட்டிக்குள் வைத்திருக்கிறார். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சத்திரத்தில் புதைத்தால் அந்த ஆவி சத்திரத்துக்கா வந்து தேடும்?

சியா உள்ளிருந்தே சொன்னாள். கத்தவில்லை. "முதல்ல பொறந்ததோட சட்டையும் உங்க வீட்டுலதான் இருக்கு. புதைச்ச அன்னைக்கே அதைப் போட்டுக்கிட்டுப் போயிடுச்சு. இதோடதைத் தர மாட்டேன், லூ."

அவன் படியில் உட்கார்ந்து அழுதான். ஆண்பிள்ளை, அத்தனை பேர் முன்னால். மாமா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து எங்கோ போய்விட்டார்.

செப்டம்பர் 28

விடிந்ததும் மாமா கடப்பாரையோடு வந்தார். பச்சைக் கொத்தைத் தாண்டி உள்ளே போகாமல், மரக்கால்களின் மேல் நிற்கிற அறையின் தரைக்கடியில் குனிந்து புகுந்தார். கட்டில் இருக்கிற இடத்துக்கு நேர் கீழே தோண்டினார்.

"அப்பா, நான் தோண்டறேன்" என்று துவா போனார். "நீ போய் அறுக்கிற வேலையைப் பாரு."

லூ சட்டியைக் கொண்டு வந்து நீட்டினான். மாமா கையில் வாங்காமல், "நீயே வை. உன் பிள்ளை" என்றார்.

அக்டோபர் 3

படுத்த கதிரில் கால்வாசி முளைத்துவிட்டது. பன்றிக்குத்தான். லூ எங்களோடு சேர்ந்து அறுக்கிறான். மாமியார் வீட்டில் உட்கார்ந்து தின்கிறவன் என்று சூ வாய்விட்டுச் சொன்னாள். அவன் கேட்காத மாதிரி குனிந்துகொண்டான். அவன் அம்மா தொலைபேசியில் கத்துவது வரப்பு தாண்டி எனக்குக் கேட்கிறது.

இந்தப் பருவத்துக்கு முன்பதிவு செய்திருந்தவர்களை எல்லாம் மறுத்துவிட்டேன். ஆத்திரமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். மாதம் முடிந்ததும் இவர்கள் போவார்களா? போனால் அங்கே அவள் கதி என்ன? போகாவிட்டால் எங்கள் கதி என்ன? கேட்க வாய் வரவில்லை.

அக்டோபர் 11

இன்று புதுச்சோறு. மாமா சாமித் தட்டியின் முன்னால் வைத்து, முன்னோரைப் பெயர் பெயராக அழைத்தார். அவர்கள் சாப்பிட்ட பிறகு நாங்கள் உட்கார்ந்தோம். மாமா கிண்ணத்தைத் தொடவில்லை. ஓர் இலையில் சூடாகச் சோற்றைப் பொதிந்துகொண்டு எழுந்தார்.

விருந்தாளி அறைக்கு அவர் இதுவரை கூப்பிட்டுவிட்டுப் போனதே இல்லை. அவர் கட்டியது, அவர் இடம். ஹனோய்க்காரர்கள் குளித்துக்கொண்டிருந்தாலும் கதவைத் தள்ளிக்கொண்டு போய் விறகு வைப்பார். இன்று படிக்குக் கீழேயே நின்றார். தொப்பியைக் கழற்றினார். அயல் வீட்டுக்குப் போனால் முற்றத்தில் நின்று நாங்கள் எப்படிக் கேட்போமோ, அப்படிக் கேட்டார்:

"வீட்டுக்காரரே, உள்ள வரலாமா?"

அத்தை கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

பிறகு லூ கதவைத் திறந்தான். "வாங்க மாமா" என்று சொல்லி, பச்சைக் கொத்தை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டான்.