ஏழாம் நம்பர் மலையும் நாற்பது ‘இல்லை’களும்

கீழ்ப் பிரிவு, சின்னப்பாறைத் தோட்டம்,
ஹாலிஎல.
புதன்கிழமை.

அன்பு மகள் நிலுக்ஷிக்கு,

உன் மாமன் பிலிப்பு எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நானும் உன் அத்தை றோசாலியும் சுகமாகத்தான் இருக்கிறோம், அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு உன்மேல் கோபம், இந்த இரண்டையும் தவிர வீட்டில் வேறு நோய் இல்லை. நெதர்லாந்துக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சின்னப்பாறைத் தோட்டத்தின் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளையும், நான்கு லய வரிசைகளுக்கும் அவற்றின் நாற்பது வீடுகளுக்கும் கேட்காமலே தீர்ப்புச் சொல்லும் நீதியரசரும், உன் அம்மா கண்மூடிய நாளிலிருந்து உன்னை வளர்த்தவனும் ஆகிய நான் பைபிளில் கை வைத்துச் சொல்கிறேன், இந்தக் கடிதத்தில் வரப்போகும் கதையை ஒருவரும் நம்ப மாட்டார்கள். போனில் சொன்னால் பாதியில் சிக்னல் இல்லை மாமா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதம். தபாலில் வந்து சேர ஒரு மாதம் ஆகும், ஆகவே ஸிஹாமா இதைப் படம் பிடித்து உனக்கு இன்றைக்கே அனுப்புவாள். ஸிஹாமாவை உனக்குத் தெரியும், உன் ஆராய்ச்சிக்காகப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை பதுளை டவுனிலிருந்து வந்து எங்கள் பாத்திகளை அளந்துகொண்டு போகும் பிள்ளை.

போன வாரம் அந்தப் பிள்ளை உன் மூன்றாம் அத்தியாயத்தின் தமிழ்ச் சுருக்கத்தைக் கொண்டுவந்தாள். அதன் கனத்தில் பஸ் ஹாலிஎல ஏற்றத்தில் நின்றுவிட்டது, பயணிகள் இறங்கித் தள்ளினார்கள் என்று கேள்வி. கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் எல்லோரையும் உட்கார வைத்து வாசித்தாள். கூட்டெரு கிடைத்த குடும்பங்களுக்கும் கிடைக்காத குடும்பங்களுக்கும் விளைச்சலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, எனவே எரு உதவியைத் தொடர்வதற்கு நியாயம் இல்லை, எழுதியவர் நிலுக்ஷி. வாசித்து முடித்ததும் சனம் கை தட்டியது மகளே. உன் பெயர் வந்ததல்லவா, அதற்காகத் தட்டினார்கள். பக்கத்து வீட்டுக் கிருபாகரன்தான் கடைசியாக, அப்போ அடுத்த மூட்டை எப்ப வரும் தங்கச்சி என்று கேட்டான். இனி வராது அண்ணே, இதுல அப்படித்தான் இருக்கு என்று ஸிஹாமா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் தலையில் வைத்திருந்த தொப்பி வெந்துபோனது. றோசாலி என் உச்சியில் கேத்தலை வைத்து நாலு லயத்துக்கும் பிளேன்டீ ஊற்றினாள்.

இந்த மலைக்கு வராத ஆராய்ச்சி உண்டா சொல். வீட்டில் எத்தனை பேர், கக்கூஸ் எத்தனை, கிழமைக்கு எத்தனை தரம் முட்டை, மூத்தவள் எத்தனாம் வகுப்போடு நின்றாள். எங்களைக் கேள்வி கேட்டே பட்டம் வாங்கியவர்களை வரிசையில் நிற்க வைத்தால் வரிசை ஹாலிஎலயில் தொடங்கி ஹல்துமுல்லையில் கூட முடியாது, மிச்சப் பேர் கீழே வெல்லவாயப் பக்கம் வெயிலில் நிற்க வேண்டும். ஒருவராவது திரும்பி வந்து, நீங்கள் சொன்னதிலிருந்து எங்களுக்கு இது தெரிந்தது, உங்களுக்கு இது கிடைக்கப்போகிறது என்று சொன்னதுண்டா. ஆனால் உன் ஆராய்ச்சிக்கு மட்டும் நாற்பது வீடும் கதவைத் திறந்தது. நம்ம புள்ள கேக்குது, எல்லாரும் ஒழுங்கா நில்லுங்க என்று ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு போகம் நன்றாக வந்தால், தேயிலை செத்துக் கிடக்கும் ஏழாம் நம்பர் மலையை நாற்பது குடும்பத்துக்கும் பிரித்துக் கொடுத்து, மூன்று வருஷத்துக்கு எருவும் தருவோம் என்று கம்பனியும் பல்கலைக்கழகமும் சொல்லியிருந்தன. வருகிற பதினெட்டாம் திகதி அதற்கான கூட்டம். இப்போது உன் அத்தியாயத்தைக் காட்டி, எருவால் பிரயோசனமில்லை என்று உங்கள் பிள்ளையே எழுதிவிட்டாள், மலையை வெளியார் ஒருவருக்கு லீஸுக்குக் கொடுக்கப்போகிறோம் என்கிறார்கள். நாள் முழுக்க அடுத்தவன் கொழுந்தைப் பறிக்கும் சனத்துக்குத் தங்களுடையது என்று ஒரு துண்டு மண் வர இருந்தது. அதை இரண்டு வரியில் அழித்துவிட்டாய்.

அந்த இரண்டு வரியும் பிழை. எப்படிப் பிழை என்று கேள். ஆராய்ச்சி தொடங்கிய அன்றைக்குப் பிள்ளைக்காம்பராவில் காலி மாவுத் தகரத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். இருபது வீட்டுக்கு விதையோடு கூட்டெரு மூட்டை, இருபது வீட்டுக்கு வெறும் விதை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காம். கிருபாகரனுக்கு மூட்டை விழுந்தது, அடுத்த வீட்டு மரியாயி அக்காவுக்கு விழவில்லை. மறுநாள் காலை பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகுமுன் கிருபாகரன் என் வாசலில் வந்து நின்று, அண்ணே, அக்கா பாத்தி பக்கத்துலயே காஞ்சு கெடக்கும், நான் மட்டும் எப்படிண்ணே போட்டுக்கிறது, மூஞ்சியில முழிக்க வேணாமா என்றான். அவன் ஒருவன் மட்டுமல்ல, இருபது வீடும் அப்படித்தான் செய்தது. பேசினில் அள்ளிப் பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். பசு கன்று போட்டால் சீம்பால் லயத்தில் கடைசிக் காம்பரா வரைக்கும் போகிறதே, அதே மாதிரி. ஆக உன் இருபது வீட்டுக்கும் அரை மூட்டை, உன் மற்ற இருபது வீட்டுக்கும் அரை மூட்டை, பிறகு வேறுபாடு எங்கிருந்து வரும். நாற்பது பாத்தியும் ஒரே மாதிரிக் குலுங்கியது. போன வருஷம் அதே மண்ணில் போஞ்சி சுண்டுவிரல் நீளம், இந்த வருஷம் ஒரு போஞ்சியை இரண்டு லயத்துக்கும் நடுவில் கட்டி றோசாலி ஈரத்துணி காயப்போட்டாள். மரியாயி அக்கா ஒரு கரட்டைப் பிடுங்கிய குழியில் இன்றைக்கும் பிள்ளைகள் குளிக்கிறார்கள். வெலிமடை ஆட்கள் வந்து பார்த்துவிட்டுத் தங்கள் தோட்டத்துக் கரட்டை நினைத்து வெட்கப்பட்டு நடந்தே திரும்பிப் போனார்கள்.

இதையெல்லாம் வேறு யாராவது தெரியாமல் எழுதியிருந்தால் நான் ஏசிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். நீ எப்படி எழுதினாய். உன் அம்மா கண்மூடிய வருஷம் உனக்கு நாலு வயது. காலைக்கு ஒரு வீட்டில் ரொட்டி, பகலுக்கு இன்னொரு வீட்டில் சோறு, மரியாயி அக்கா மடியில் தூக்கம். பக்கத்து வீட்டுச் சட்டி காலியாக இருக்க இந்த வீட்டுச் சட்டி கொதிக்காத லயம் இது என்று உன் வயிற்றுக்கே தெரியுமே. மூன்று வருஷமாகப் படித்து, கணினியில் அத்தனை எண்ணையும் கூட்டிக் கழித்தவள், எரு கிடைத்தவர்கள் அதை என்ன செய்தார்கள் என்று ஒரு தரம், ஒரே ஒரு தரம், போனில் உன் அத்தையிடமாவது கேட்டிருக்கக் கூடாதா. நாற்பது வீட்டைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தால் அவர்கள் பிரிந்தே நிற்பார்கள் என்று உனக்கு எந்தப் பேராசிரியர் சொல்லிக்கொடுத்தார். படிக்க அனுப்பியது எங்களை மறக்கவா.

இப்படித்தான் வீட்டுக்குள் மூன்று நாளாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் உன் அத்தை லீக்ஸ் நறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், புள்ளைய எதுக்கு வையுறீங்க, புள்ள கேட்டிச்சு, கேட்டதுக்குத்தான் நீங்க அந்தப் புத்தகத்துல எழுதிக் குடுத்தீங்களே என்றாள். ஒவ்வொரு வீட்டுப் பாத்திக் கணக்கையும் எழுதும் களப்புத்தகத்தை வைத்திருந்தவன் நான்தானே மகளே. கணக்கப்பிள்ளைக் கை, எழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று நீதான் என்னை அந்த வேலைக்குச் சொன்னாய். வேறு எரு ஏதும் போடப்பட்டதா, யாருக்காவது கொடுக்கப்பட்டதா என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. கொடுத்தது தெரிந்தால் அந்த வீட்டை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துருவாங்க அங்கிள் என்று ஸிஹாமா முதல் நாளே சொல்லியிருந்தாள். அண்ணே, எழுதிப் போட்டுறாதீங்க, எனக்குள்ளதும் போயிரும், அக்காவுக்குள்ளதும் போயிரும் என்று கிருபாகரன் கையைப் பிடித்தான். நாற்பது வீட்டுக்கும் ‘இல்லை’, ‘இல்லை’ என்று எழுதினேன். ஒரு பக்கத்துக்கு நாற்பது ‘இல்லை’, எட்டு மாதம், பதினாறு பக்கம். நல்லது செய்கிறேன் என்ற பெருமையில் அடியில் கோடு வேறு போட்டேன்.

ஆகவே நேற்றுச் செவ்வாய்க்கிழமை பதுளைக்குப் புறப்பட்டேன். என் பெருமூச்சில் தெமோதரைக்கு இந்தப் பக்கம் ரயில் நின்று, கார்ட் கொடியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். பதுளையில் கடைக்காரர்கள் நில நடுக்கம் என்று ஷட்டரை இறக்கினார்கள். ஆராய்ச்சி அலுவலகத்தில் நான், உன் ஆராய்ச்சியை இங்கிருந்து பார்த்துக்கொள்ளும் பேராசிரியரின் மேசையில் ஓர் அடி அடித்தேன், மேசை இரண்டாகப் பிளந்தது, அவருடைய பட்டங்கள் சுவரிலிருந்து ஒவ்வொன்றாக விழுந்தன. நாற்பது வீட்டைப் பிரிக்க நீர் யார் காணும் என்று நான் கேட்ட கேள்வி நமுனுகுலை மலையில் மோதித் திரும்பி வந்து மறுபடியும் அவரையே கேட்டது. அவர் நாற்காலிக்கு அடியில் போய், ஐயா கணக்கப்பிள்ளை அவர்களே, மலை உங்களுடையது, எருவும் உங்களுடையது, என்னை விட்டுவிடுங்கள் என்று அழுதார். எனக்கு மாலை போட்டு, யானை மேல் ஏற்றி, ஹாலிஎல வரைக்கும் மேளம் அடித்து அனுப்பினார்கள்.

டிசம்பரில் பட்டத்தோடு வருவாய் என்று உன் அத்தை அறைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறாள். இன்னும் ஒரு வருஷம் ஆகலாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். சுண்ணாம்பத் திரும்ப ஒரு தரம் அடிச்சிக்கலாம் என்று மட்டும் சொன்னாள். நீ குளிரில் வெறுந்தலையோடு திரியாதே, வேதக் கோயிலுக்குப் போகாவிட்டாலும் படுக்குமுன் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொள். பதினெட்டாம் திகதிக்கு முன் எரு நாற்பது வீட்டுக்கும் போனது என்று பேராசிரியருக்கும் கம்பனிக்கும் நீ உன் கையால் எழுத வேண்டும், அதை மறந்துவிடாதே. ஏசினேன் என்று மனதில் வைக்காதே, வைத்தாலும் பரவாயில்லை, எழுது. தேவமாதா உன்னைக் காப்பாற்றட்டும், உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

ரயில் நிற்கவில்லை மகளே, மேசையும் உடையவில்லை. இரண்டு மணித்தியாலம் வெளியில் பெஞ்சில் இருந்தேன். கூப்பிட்டபோது, சேர், அந்தப் புத்தகத்துல இருக்கிற ‘இல்லை’யெல்லாம் பொய், எழுதுனது நான், புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது என்றேன், அவர் ஒரு தாளை நீட்டினார், அதையே எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான் உண்மை. உன் மூன்றாம் அத்தியாயத்தை உடைத்தது நான்.

இப்படிக்கு,
உன் மாமன்
பிலிப்பு